அப்பா இன்னும் வண்டி ஓட்டலாமா?

கேள்வி:

என் அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் அம்மாவும் அவரும் தனியாக இருக்கிறார்கள். நாங்கள் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். போன வருடம் அப்பாவுக்குப் பெயர்கள் மறந்துபோவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பென்ஷன் கணக்கில் குழம்புவது என்று ஆரம்பித்தது. நரம்பியல் மருத்துவர் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டம் என்றார். கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் சோதனையில் 30-க்கு 23 வாங்கினார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

எங்கள் கவலை வண்டி. அப்பா ஸ்கூட்டரும் ஓட்டுவார், ஆல்ட்டோ காரும் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவைக் காரில் திருப்பரங்குன்றம் கோயிலுக்கு அழைத்துப் போவார். மூன்று மாதத்துக்கு முன் கோயிலிலிருந்து வீட்டுக்கு வராமல் திருமங்கலம் பக்கம் போய்விட்டார். அம்மா சொன்ன பிறகுதான் வண்டியைத் திருப்பினாராம். காரின் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. எங்கே பட்டது என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார்.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான். அப்பா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து அவரே மாட்டிவிட்டார். செய்தது யார் என்று தெரிந்ததிலிருந்து தம்பியின் போனை எடுப்பதில்லை. நான் பேச்செடுத்தால், "நாப்பது வருசமா ஓட்டுறேன், எம்மேல ஒரு கேசு உண்டா? நீ எனக்குச் சொல்லித் தர்றியாத்தா?" என்கிறார். கேஸ் இல்லை என்பது உண்மைதான். அம்மாவோ, "வண்டியையும் புடுங்கிட்டா மனுசன் ஒடிஞ்சு போயிருவாரு" என்று அழுகிறார்.

லைசென்ஸை போன வருடம்தான் புதுப்பித்தார், 75 வயது வரை செல்லும். என் மகளைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவருவது அப்பாதான். இப்போது ஆட்டோ வைத்துவிட்டோம். ட்யூஷன் நேரம் மாறிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

அப்பா ஓட்டலாமா, கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கென்று சோதனை ஏதாவது இருக்கிறதா? ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்ல வேண்டுமா? தம்பி செய்தது சரியா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதியோர் நல மருத்துவர்

நீங்கள் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்துவிட்டீர்கள். மகளை அப்பாவின் ஸ்கூட்டரில் ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். மறதிநோய் உள்ளவர் வண்டி ஓட்டலாமா என்று கேட்டு வரும் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பதே இதுதான்: இவர் ஓட்டும் வண்டியில் உங்கள் பிள்ளையைத் தனியாக அனுப்புவீர்களா? வெளிநாட்டு முதியோர் நல மருத்துவர்களும் இதையே கேட்கிறார்கள். யாரும் கேட்காமலே நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அம்மா இன்னும் அப்பாவின் காரில்தான் கோயிலுக்குப் போகிறார். உங்கள் தெருவில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். உங்கள் மகளுக்கு ஆகாத வண்டி அவர்களுக்கும் ஆகாது.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர் இன்றோடு நிற்க வேண்டும். காரைப் பொறுத்தவரை, கீழே சொல்லும் விதத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து முடிக்கும்வரை அப்பா சாவியைத் தொட வேண்டாம். பழகிய வழி தவறியிருக்கிறது, எப்படி வந்தது என்றே தெரியாத கீறல் இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருப்பேன். மூன்றும் சேர்ந்திருக்கும்போது காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

23 என்ற மதிப்பெண்ணைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனையாக இருக்க வேண்டும். 1975-ல் வந்தது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுங்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்பார்கள். எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது. ரோட்டில் நேரம்தான் எல்லாம். பள்ளிப் படிப்பு குறைந்தவருக்கு நோய் இல்லாமலே மதிப்பெண் குறையும். நிறையப் படித்தவருக்கு நோய் வந்த பிறகும் குறையாமல் நிற்கும். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒரு வகை மறதிநோய் உண்டு. அதில் ஞாபகம் தெளிவாக இருக்கும், 28 மதிப்பெண்கூட வாங்குவார்கள். ஆனால் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்கள், முன்னால் போகும் பஸ்ஸோடு சண்டை போடுவார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அப்படிப்பட்டவரிடம் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதேபோல, அல்சைமர் என்று எழுதிவிட்டதாலேயே ஒருவர் மறுநாள் காலையிலிருந்து ஓட்டத் தகுதி இழந்துவிடுவதும் இல்லை. அமெரிக்க நரம்பியல் அகாதெமி 2010-ல் இதைப் பற்றி மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. லேசான மறதிநோய் உள்ளவர்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டால் அவர்கள் ஓட்டுவதில் ஆபத்து கூடுதல் என்று அது தெளிவாகச் சொல்கிறது. கூடவே, சில ஆய்வுகளில் அவர்களில் 76 சதவீதம் பேர்வரை சாலைச் சோதனையில் தேறியிருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. உங்கள் அப்பா தேறும் பக்கமா தேறாத பக்கமா என்பதை நோயின் பெயரும் சொல்லாது, காகிதத்தில் உள்ள எண்ணும் சொல்லாது. அவர் ஓட்டுவதைப் பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரி ஒயரை அப்பா தானே மாட்டிய விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லி, "மூளை நல்லாத்தானே இருக்கு" என்று உங்கள் வீட்டில் யாராவது பேசியிருப்பார்கள். முப்பது வருட மின்வாரிய வேலை அவர் கைக்குள் இறங்கியிருக்கிறது. கை பழகிய வேலையை அல்சைமர் சீக்கிரம் தொடாது. கிளட்ச்சை மிதித்து கியர் போடுவதும் அப்படிப்பட்ட வேலைதான், அதனால் நேரான ரோட்டில் அவர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஒயரை மாட்டும்போது அவருக்கு எதிரே யாரும் வரவில்லை. யோசிக்க அரை மணி நேரம் இருந்தது.

சிக்னல் இல்லாத முக்கில் வலது பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவருக்கு இண்டிகேட்டர் போட வேண்டும். எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்க வேண்டும். அந்த லாரி மறைத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பைக் வரலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். ராங் சைடில் ஓரமாக ஒரு ஷேர் ஆட்டோ ஏறி வரும், அதையும் பார்க்க வேண்டும். திரும்பப் போகிற தெருவின் வாயில் ஒரு பாட்டி குறுக்கே நடக்கத் தொடங்கியிருப்பார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இத்தனையும் மூன்று நான்கு நொடிக்குள். இதில் ஞாபக சக்திக்கு வேலையே இல்லை. பல பக்கம் கவனத்தைப் பிரிப்பது, தேவையில்லாததை ஒதுக்குவது, தூரத்தைக் கண்ணால் அளப்பது, எடுத்த முடிவைச் சட்டென்று மாற்றுவது ஆகியவைதான் வேலை செய்கின்றன. அல்சைமரில் இவை மெல்ல மெல்லக் குறைகின்றன. வீட்டில் உட்கார்ந்து பேசும்போது இது கண்ணுக்குப் படாது. பெயர் மறப்பது உடனே தெரியும், அதனால் குடும்பங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"நான் நல்லா ஓட்டுறேன்" என்று அப்பா சொல்வது பொய் இல்லை. அவர் அப்படித்தான் உணர்கிறார். தன்னிடம் என்ன குறைந்திருக்கிறது என்று கண்டுகொள்ளும் திறனையும் இந்த நோய் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நான் சொன்ன அமெரிக்க வழிகாட்டுதலில் மிக உறுதியாகச் சொல்லப்பட்ட விஷயங்களில் ஒன்று, நோயாளி தன்னைப் பற்றி "பாதுகாப்பாக ஓட்டுகிறேன்" என்று தரும் மதிப்பீட்டை நம்பிப் பயனில்லை என்பது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர் "சரியில்லை" என்று சொன்னால் அதற்கு மதிப்புண்டு என்றும் அது சொல்கிறது. சமீபத்திய விபத்து, போலீஸ் அபராதம், முன்கோபம், யோசிக்காமல் செயல்படுவது ஆகியவற்றையும் எச்சரிக்கைக் குறிகளாக அது பட்டியலிடுகிறது. அதே பட்டியலில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது: முன்பைவிடக் குறைவாக ஓட்டுவது, மழை, இரவு போன்ற சூழலைத் தவிர்ப்பது. "அப்பா இப்பல்லாம் ராத்திரியில எடுக்கிறதில்ல, பைபாஸ் பக்கமே போறதில்ல, பயமில்ல" என்று பிள்ளைகள் நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் கவலை கூடும். ஏதோ சரியில்லை என்று அவர் உள்ளுக்குள் உணர ஆரம்பித்திருக்கலாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா ஓட்டி நீங்கள் கடைசியாக முன்சீட்டில் உட்கார்ந்தது எப்போது? பல பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் இருப்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர் அம்மாதான். அவரைத் தனியாக உட்காரவைத்து, பயமுறுத்தாமல், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பச்சை விழுந்த பிறகும் நிற்கிறாரா? மற்றவர்கள் முன்பைவிட அதிகம் ஹாரன் அடிக்கிறார்களா? நடு ரோட்டில் திடீரென்று மெதுவாகிறாரா? ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறாரா? பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு தடவை "ஆமாம்" வந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம், அன்றே நிறுத்திவிடுங்கள். இடது பக்கக் கீறலும் எனக்குக் கவலை தருகிறது. ஒரு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கத் தவறுவது மூளையில் வேறு கோளாறாகவும் இருக்கலாம், கண்ணில் புரையோ கண் நீர் அழுத்தமோ இருக்கலாம். கண் மருத்துவரிடம் பார்வைப் புலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா இன்னொன்றும் செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்: "மெதுவா போங்க", "அந்தா ஆள் வருது", "இங்க திரும்புங்க." திருமங்கலம் போனபோது வழி சொன்னதும் அவர்தானே. இப்படிச் சொல்லிச் சொல்லி ஓட்டவைத்தால் போதும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். வழி சொல்வது வேறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஓடும் குழந்தையை அம்மா பார்த்து, வாய் திறந்து சொல்லி, அது அப்பாவின் காதில் விழுந்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பிரேக் எப்போது போட வேண்டும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தால் அப்பா ஓட்டக் கூடாது.

இனி சோதனை. முதலில், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்துவிடுவோம். அப்பாவின் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவையும், சளி, அரிப்புக்குக் கடையில் வாங்கும் பழைய வகை மாத்திரைகளும் வயதானவர்களின் கவனத்தை மழுங்கடிக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்று பார்க்க வேண்டும். மெட்பார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், காது கேட்காமை ஒவ்வொன்றும் இருக்கும் நோயை இன்னும் மோசமாகக் காட்டும். அல்சைமர் இவற்றால் போய்விடாது, ஆனால் அப்பா உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியவரும்.

அடுத்து மருத்துவமனையில் செய்யும் சோதனைகள். கடிகாரம் வரையச் சொல்வது, மோக்கா என்ற சோதனை, நோயின் கட்டத்தைச் சொல்லும் சி.டி.ஆர். மதிப்பீடு ஆகியவை உண்டு. ஓட்டுவதோடு நெருங்கிய தொடர்புள்ள ஒன்றை மட்டும் விளக்குகிறேன். ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து முதல் எழுத்துக்கு, அங்கிருந்து இரண்டுக்கு, அங்கிருந்து இரண்டாவது எழுத்துக்கு என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். டிரெயில் மேக்கிங் பி என்று பெயர். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தாலோ மூன்று தவறு செய்தாலோ ஓட்டுவதைச் சந்தேகிக்க வேண்டும் என்று கனடா மருத்துவர்கள் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ஆங்கில எழுத்து வரிசை கையில் ஓடாதவருக்கு, நோய் இல்லாவிட்டாலும் அதற்கு நேரமாகும். சோதனை செய்பவரிடம் இதைச் சொல்லுங்கள். எந்தத் தாள் சோதனையும் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

கடைசிச் சோதனை ரோட்டில். மேலை நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இரண்டு பக்கமும் பிரேக் உள்ள காரில், முன்கூட்டியே தீர்மானித்த வழியில் ஓட்டவைத்துப் பார்ப்பார். நம்மிடம் அப்படிப்பட்ட வசதி அரிது. ஆக்குபேஷனல் தெரபி பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு நல்ல டிரைவிங் ஸ்கூலை நாடுங்கள். அவர்களுடைய காரில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும். அப்பாவின் சொந்தக் காரில் இதைச் செய்யவே கூடாது.

பயிற்சியாளரிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. எத்தனை தடவை தன் காலைப் பிரேக்கில் வைக்க வேண்டியிருந்தது, எங்கே, ஏன் என்று குறித்துத் தந்தால் போதும். பகலில், மழையில்லாத நாளில், முதல் கால் மணி நேரம் புது வண்டி பழகுவதற்காக அமைதியான தெருவில் ஓட்டட்டும். பிறகு சிக்னல் இல்லாத வலது திருப்பம், ரவுண்டானா, யூ-டர்ன், பள்ளிக்கூட வாசல், வேலை நடப்பதால் மாற்றிவிடப்பட்ட பாதை எல்லாம் வர வேண்டும். நடுவில், "அடுத்த லெப்ட்ல திரும்பி, பெட்ரோல் பங்க் தாண்டி ஓரமா நிறுத்துங்க" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறாரா, அதை யோசிக்கும் நேரத்தில் வண்டி ரோட்டின் நடுவுக்கு நகர்கிறதா என்று அங்கே தெரியும். பின்சீட்டில் நீங்கள் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். வேறொரு நாள் இன்னொரு தடவை செய்யுங்கள். இந்த நோயில் நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. பயிற்சியாளர் ஒரு தடவை காப்பாற்ற வேண்டி வந்திருந்தாலும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். இரண்டு நாளும் சுத்தமாக ஓட்டினால் பகலில், தெரிந்த வழியில், காரை மட்டும் ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் இன்று கிடைக்கும் "சரி" ஆறு மாதத்துக்குத்தான்.

காருக்கு இவ்வளவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை ஏன் ஒரே வரியில் நிறுத்தச் சொன்னேன் என்று கேட்பீர்கள். இந்தத் துறை ஆய்வுகள் பெரும்பாலும் நான்கு சக்கர வண்டியை வைத்தே செய்யப்பட்டவை. நம் ஊர்ப் பெரியவர்கள் தினமும் எடுப்பதோ இரண்டு சக்கரம். கவனம் ஒரு நொடி தவறினால் காரைச் சுற்றித் தகடாவது இருக்கிறது. ஸ்கூட்டரில் மெதுவாகப் போகும்போது சமநிலைக்கே தனிக் கவனம் வேண்டும். பின்னால் உட்கார்ந்து பிரேக் போடவும் ஒருவரால் முடியாது, ஆகவே ஆபத்தில்லாமல் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. சோதிக்க முடியாததை அனுமதிக்க எனக்குத் துணிவில்லை.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸ் ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும். 40-க்கு மேல் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். தானே கையெழுத்துப் போடும் படிவம் 1-ல் வலிப்பு, மயக்கம், 25 மீட்டரிலிருந்து நம்பர் பிளேட்டைப் படிப்பது, சிவப்பு பச்சை பிரித்தறிவது, மாலைக்கண் எல்லாம் வரும். மறதிநோயைப் பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வி இல்லை. எனவே 75 வரை செல்லும் லைசென்ஸ் அப்பாவின் இன்றைய மூளை நிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதே சமயம் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-வது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி எந்த நேரத்திலும் மருத்துவச் சான்று கேட்கலாம் அல்லது லைசென்ஸை ரத்து செய்யலாம். பிரிட்டனில் மறதிநோய் வந்தவர் லைசென்ஸ் துறைக்குத் தானே தெரிவித்தாக வேண்டும், ஓட்ட அனுமதித்தாலும் வருடா வருடம் மறுபரிசீலனை உண்டு. கலிபோர்னியாவில் மருத்துவரே தெரிவிக்க வேண்டும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. பேசிப் பார்த்தும் மருத்துவர் சொல்லியும் கேட்காமல் அப்பா வண்டியை எடுத்தால் மட்டும், மருத்துவரின் கடிதத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

வயதை மட்டும் வைத்து எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று அடிக்கடி குரல் எழுகிறது. ஜப்பானில் 2009 முதல் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அறிவாற்றல் சோதனை இருக்கிறது. டென்மார்க்கும் 70 வயதுக்கு மேல் அப்படி ஒன்றை 2006-ல் கொண்டுவந்தது. அங்கே பிறகு நடந்த ஆய்வில், முதிய ஓட்டுநர்களின் விபத்துச் சாவு அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் சாவு கூடியிருந்தது. வண்டியை விட்டவர்கள் அதே ரோட்டில் கால்நடையாக இறங்கியிருக்கலாம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நடைபாதை இல்லாத நம் தெருக்களில் இதை நாம் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். சாவியை வாங்கும் நாளிலேயே அப்பா எப்படிப் போய்வருவார் என்பதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

தம்பி செய்தது பாசத்தில் செய்தது. ஆனாலும் இந்தக் கட்டத்தில் அது தவறு. அப்பாவுக்கு இன்னும் புரிகிறது, அவமானமும் வலிக்கிறது. என்ன பேசினோம் என்பது மறந்தாலும் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு இந்த நோயாளிகளிடம் தங்கிவிடும். நோய் முற்றி, சொன்னதெல்லாம் அடுத்த மணி நேரத்தில் மறந்து, பழக்கத்தில் சாவியைத் தேடும் நிலை வரும். அன்று சாவியை ஒளித்துவைப்பதிலும் வண்டியைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவதிலும் குற்றமே இல்லை. இப்போது தம்பி நேரில் வந்து, "பயந்துபோய்ச் செஞ்சுட்டேன்ப்பா" என்று சொல்லட்டும். ட்யூஷன் கதையையும் நீங்கள் மெல்ல விட்டுவிடலாம்.

நிறுத்தச் சொல்வது மருத்துவரின் வாயிலிருந்து வரட்டும். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் முன்பே பேசி, மருந்துச் சீட்டிலேயே "வாகனம் ஓட்டக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை வீட்டில் ஒட்டிவையுங்கள். அவர் கோபப்படும்போது "டாக்டர் எழுதியிருக்காருப்பா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லலாம். கோபம் மருத்துவர் மேல் திரும்பட்டும், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். நாற்பது வருடம் கேஸ் இல்லாமல் ஓட்டியதை மறுத்துப் பேசாதீர்கள். "அந்தப் பேரோடயே நிறுத்திக்கலாம்ப்பா" என்று சொன்னபோது இறங்கிவந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் முடியும் பேச்சு இல்லை இது; பல தடவை பேச வேண்டியிருக்கும்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைகிறதா என்று முதல் சில மாதங்கள் கவனியுங்கள். குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் நின்றுபோகக் கூடாது. ஆக்டிங் டிரைவர் ஒருவரை நிரந்தரமாகப் பேசிக்கொள்ளுங்கள், வாரம் ஒரு ஆள் மாறினால் அப்பாவுக்குக் குழப்பம். அதே ஆல்ட்டோவில், அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து போகட்டும். தெருவில் அவருக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் நிலைமையைச் சொல்லி, கூப்பிட்டால் வரவும் தனியாக எங்கும் இறக்கிவிடாமல் இருக்கவும் பேசிவையுங்கள். கடைக்கும் சலூனுக்கும் நடந்துபோவதாக இருந்தால், மெயின் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்று ஒரு தடவை கூடவே நடந்து பார்த்துவிடுங்கள். இரண்டு வண்டிக்கும் ஆகிற பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் செலவை அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து சரிபாருங்கள். ஸ்கூட்டரை விற்று வரும் பணத்தையும் அதோடு சேர்த்து, மாதாமாதம் அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டோவுக்கும் டிரைவருக்கும் கூலியை அவர் கையால் கொடுக்கட்டும்.